டெல்லி – காட்மாண்டு: விமானமா, பஸ்ஸா?

டெல்லி மயூர் விஹார் பக்கம் யாராவது நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் கோயிலுக்குக் கிளம்பினால் முதலில் வரும் கேள்வி இதுதான். விமானத்தில் சுமார் 815 கிலோமீட்டர், சென்னைக்குப் போகும் தூரத்தில் பாதிகூட இல்லை. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம், காட்மாண்டுவில் இருப்பது ஒரே ஓடுபாதை என்பதால் சில நாள் மேலேயே வட்டமடிக்க விடுவார்கள், அது தனி. போகும்போது இடது பக்க ஜன்னல் கேளுங்கள், வானம் தெளிவாக இருந்தால் இமயமலை கூடவே வரும். அங்கே மணி நமக்கு 15 நிமிடம் முன்னால்.

பஸ்ஸா? ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஒரு முழு நாள் தாண்டும், எல்லையில் காத்திருப்பு, மழைக்காலத்தில் மண்சரிவு வேறு. காசு மிச்சம்தான், ஆனால் வயதானவர்களோடு வேண்டவே வேண்டாம். அப்புறம், விமானத்துக்கு ஆதார் மட்டும் போதாது. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள்.