சுங்கை சிப்புட் வெயிலில் ஆட்டோ 3: முதலில் ஏர்கோன், அப்புறம்தான் பேட்டரி

பிஒய்டி ஆட்டோ 3 மின்சாரக் காடி (கார்), 60.48 கிலோவாட் மணி பேட்டரி, செகண்ட் ஹேண்டில் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும்?" என்றுதான். கம்பெனி கணக்கு 420 கிலோமீட்டர். நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் போய்த் திரும்பினால் அறுபது சொச்சம், அதற்கு மேல் எங்கே போகிறேன்? என்னைக் கேட்டால் இந்தக் காடியில் கொடுத்த காசுக்குப் பெறுமானம் ஏர்கோன்தான்.

சுற்றிலும் செம்பனை, நிழலுக்கு என்ன குறைச்சல் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். காடி நிறுத்துகிற இடத்தில் மட்டும் ஒரு மரம் இருக்காது. பழைய காடியில், மதியம் சந்தை முடிந்து வந்தால் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது, அம்மா துண்டை சீட்டில் விரித்துத்தான் உட்காருவார். இப்போது காய்கறிக்குக் காசு கொடுக்கும்போதே போனில் ஆப்பைத் திறந்து ஏர்கோனைப் போட்டுவிடுகிறேன், இஞ்சின் கிடையாது, புகை கிடையாது, பூட்டின காடி பூட்டினபடியே குளிர்ந்து நிற்கும். முதல் நாள் அம்மா கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேரம் உள்ளே யாருய்யா இருந்தது?" என்றார்.

கரண்ட் எவ்வளவு தின்னும் என்று பயந்தேன். பத்து நிமிடத்துக்கு அரை யூனிட்கூட ஆவதில்லை, அதாவது பேட்டரியில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. காலையில் சார்ஜர் ஒயரைக் கழற்றும் முன்பே போட்டுவிட்டால் அதுவும் வீட்டுக் கரண்டிலேயே போய்விடும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. போனுக்கும் லைன் வேண்டும், காடிக்கும் லைன் வேண்டும். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் லைனே இல்லை, நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றியதைப் பார்த்து ஒரு அண்ணன், "என்ன தம்பி, செல்ஃபியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அங்கே பழைய வழிதான்: நான்கு கதவையும் திறந்து ஒரு நிமிடம் சூட்டை வெளியே விட்டு, அப்புறம் ஏர்கோன்.

சார்ஜ் விஷயத்துக்கு வருவோம். "80-க்கு மேல் ஏற்றாதே லா" என்று டவுனில் ஆளாளுக்குச் சொல்வார்கள். அது நிக்கல் கலந்த பேட்டரிக்குச் சரி. இதில் இருப்பது இரும்பு பாஸ்பேட் வகை, இதன் வோல்டேஜ் பெரும்பாலும் ஒரே மட்டத்தில் நிற்பதால் மிச்சம் எத்தனை சதவீதம் என்ற கணக்கு நாளாக நாளாகப் பிசகும், அவ்வப்போது 100 வரை ஏற்றினால்தான் சரியாகும். நானும் பேச்சைக் கேட்டு இரண்டு மாதம் 80-லேயே நிறுத்தினேன், வீண். இப்போது வாரம் ஒருமுறை, சனி இரவு, முழுசாக ஏற்றி ஞாயிறு காலையில் எடுத்து ஓட்டிவிடுகிறேன். முழு சார்ஜில் வெயிலில் நாள்கணக்கில் போட்டு வைப்பதுதான் எந்தப் பேட்டரிக்கும் ஆகாது.

மூன்று பின் பிளக்கில் சுழியத்திலிருந்து ஏற்றினால் ஒரு நாளுக்கு மேல் ஆகும். எங்களுடையது பழைய வரிசை வீடு, மெயின் பாக்ஸிலிருந்து தனி ஒயர் இழுத்து 7 கிலோவாட் சார்ஜர் மாட்டினேன். கரண்ட் கம்பெனி தெனாகாவின் நேரவாரிக் கட்டணத்துக்கும் மாறிக்கொண்டேன். வேலை நாளில் மதியம் 2 முதல் இரவு 10 வரைதான் கூடுதல் கட்டணம், அதனால் பத்தரைக்குத்தான் சார்ஜ் ஆரம்பிக்கும், நான் தூங்கிவிடுவேன்.

வெளிச் சார்ஜரை நம்பி இருப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஈப்போவில் ஒரு பேரங்காடியில் இரண்டு இருந்தன. ஒன்று வேலை செய்யவில்லை, இன்னொன்றின் முன்னால் ஒரு பெட்ரோல் காடி ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. வீட்டிலேயே சார்ஜ் போட வழியில்லாதவர்கள், தோட்டத்து லயமோ அடுக்குமாடியோ, இப்போதைக்கு வாங்க வேண்டாம்.