தூணுக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்துங்கள்

சேலத்துக்காரனுக்கு வியூ பாயின்ட் என்றாலே உயரம்தான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய், ஏற்காடு லேடீஸ் சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்க வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் அணைத் தண்ணீர் வெள்ளித் தகடு போல மினுங்கும். அந்த நினைப்போடு, ராமேஸ்வரத்துக்கு அப்பால் இருக்கிற தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் பறவை பார்க்கப் போனால் முதலில் ஏமாந்துதான் போவீர்கள். ஏறி நிற்க ஒரு மேடு கிடையாது. தட்டுவடை மாதிரி தட்டையாக மணல், இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு தார் ரோடு. எங்கே நின்றாலும் கடல் உங்கள் கண் மட்டத்தில்தான் இருக்கும். நானும் முதல் நாள் ஏமாந்தேன். இரண்டாம் நாள் காலையில்தான் அந்த இடம் பிடிபட்டது.

எனக்குச் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை. முப்பது வருடமாகப் பொடி வைத்து ஊதுகிற வேலை, அதாவது ஊதுகுழலால் தீயை ஊதி வெள்ளியைப் பற்றவைப்பது. நாற்பத்தாறு வயதில் வெள்ளெழுத்து வந்துவிட்டது. வெள்ளி வேலை பார்க்கிறவருக்கு வேறு என்ன எழுத்து வரும் என்று மச்சினன் கிண்டல் செய்தான். கண் டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டு, “கிட்டவே பார்த்துட்டு இருக்காதீங்க, அப்பப்போ தூரமாப் பாருங்க” என்றார். பட்டறையில் தூரம் என்றால் எதிர்ச் சுவர். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு போக ஆரம்பித்தேன். சும்மா தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதில் ஏதாவது பறக்கத்தானே செய்யும்? பகோடா பாயின்ட்டில் நின்றால் பருந்து நமக்குக் கீழே வட்டமடிக்கும், அதன் முதுகு தெரியும். பருந்தின் முதுகை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. விலங்கியல் படிக்கிற மகளுக்கு அப்போதுதான் அப்பா மேல் ஒரு மரியாதை வந்தது.

பைனாகுலர் கதையைச் சொல்லாமல் போக முடியாது. முதலில் ஒரு தள்ளுவண்டிக் கடையில் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். இருபது மடங்கு பெரிதாகக் காட்டும் என்று டப்பாவில் போட்டிருந்தது. காட்டியது, நான் மறுக்கவில்லை. ஆனால் என் கை நடுக்கத்தையும் சேர்த்து இருபது மடங்காகக் காட்டியது. கிளையில் அசையாமல் உட்கார்ந்திருந்த கொண்டைக்குருவிக்குக் காக்காய் வலிப்பு வந்த மாதிரி இருந்தது. பிறகு மகள் விசாரித்து வாங்கியது எட்டு மடங்குக்காரி. முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். விலை எட்டாயிரத்துச் சொச்சம். மடங்கு கூடக் கூட ஆட்டமும் கூடும், பார்க்கிற வட்டமும் சுருங்கும். கையில் பிடித்துப் பார்க்க எட்டு போதும். முன்கண்ணாடி அகலமாக இருந்தால் விடிகாலை மங்கலிலும் வெளிச்சம் அள்ளிக் கொடுக்கும். கடலுக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். பொங்கல் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்து, தை மாதக் கடைசியில் மச்சினன் காரில் நான், மகள், அவன் என்று மூன்று பேரும் கிளம்பினோம். சேலத்திலிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ராத்திரி பத்துக்கு எடுத்து, விடிய விடியப் பாம்பன் பாலத்தில் இருந்தோம். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தைப் பார்க்க மச்சினன் ரோட்டுப் பாலத்தில் வண்டியை மெதுவாக விட்டான். பின்னால் வந்த லாரிக்காரர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

முதல் நாள் தப்பு எங்கள் மேல்தான். வந்ததும் வராததுமாக மச்சினன், “மாமா, 22 தீர்த்தமும் ஆடிட்டு அப்புறம் பார்க்கலாம்” என்றான். ஆடினோம், கும்பிட்டோம், சாப்பிட்டோம். அரிச்சல்முனைக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. அசோகச் சின்னம் வைத்த தூணைச் சுற்றி வண்டிகள். வேன் வேனாக ஆட்கள், சோளப்பொரி, செல்ஃபி. வெயிலில் மணலும் தண்ணீரும் அனல் போல ஆடின. பைனாகுலரில் எதைப் பார்த்தாலும் அது கொதிக்கிற எண்ணெய்க்குள் இருக்கிற மாதிரி தெரிந்தது. இரண்டு மணி நேரத்தில் நாங்கள் கண்டது காக்கா, மறுபடியும் காக்கா, தூரத்தில் வெள்ளையாக ஏதோ நாலு. இதற்கா நானூறு கிலோமீட்டர் என்று மச்சினன் கேட்கவில்லை. ஆனால் அவன் முகம் கேட்டது.

மறுநாள் ஆறு மணிக்குச் சோதனைச் சாவடி திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனோம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து முனை வரை ஒன்பதரைக் கிலோமீட்டர் ரோடு. 2017-க்கு முன்னால் ஜீப்பிலும் வேனிலும் மணலில் குலுங்கித்தான் வர வேண்டியிருந்தது. இந்த ரோட்டில் காலையில் போகும்போது வெயில் முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகில் விழும். அதனால் போகும்போது வேகமாகப் போங்கள், திரும்பும்போது நிறுத்தி நிறுத்தி வாருங்கள். அதுவும் தூண் வரை போகத் தேவையில்லை. அதற்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே ஓரமாக நிறுத்தி, இறங்கி, மணலில் உட்கார்ந்துவிடுங்கள். நிற்காதீர்கள். அவ்வளவு தட்டையான இடத்தில் நிற்கிற மனிதன் பறவைக்குப் பனைமரம் மாதிரி. உட்கார்ந்துவிட்டால் பத்து நிமிடத்தில் நம்மை மறந்துவிடுகின்றன.

நாங்கள் உட்கார்ந்தது தெற்குக் கரையில். அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா, ஊர்க்காரர்களுக்கு ஆண் கடல். வடக்கே பாக் விரிகுடா, அது பெண் கடல். எப்போதும் முரட்டுத்தனம் ஆண் கடலுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு வாடைக்காற்றில் பெண் கடல் சீறிக்கொண்டிருந்தது, ஆண் கடல் குளம் போலக் கிடந்தது. வீட்டில் இதைச் சொன்னபோது, “இதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா?” என்று பதில் வந்தது.

ஆலா என்கிற கடல் பறவைகள்தான் முதலில் வந்தன. கடற்காகத்தையும் ஆலாவையும் பிரிக்க மகள் சொன்ன வழி எளிது. கடற்காகம் கட்டையான உடம்போடு தண்ணீரில் வாத்து மாதிரி உட்காரும். ஆலாவுக்குக் கூர் அலகு, கத்தரி வால். பறந்துகொண்டே கீழே பார்க்கும், மீன் தெரிந்தால் தலைகுப்புற விழும். விழுவதற்கு முன்னால் ஒரு நொடி காற்றில் அப்படியே நிற்கிறது பாருங்கள், அந்த நொடிக்குத்தான் பைனாகுலர். கொண்டை வைத்த ஆலாவில் இரண்டு வகை மணல்திட்டில் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. பெரியதற்கு அலகு மஞ்சள், சின்னதற்கு ஆரஞ்சு. மகள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே நான் பிரித்துச் சொல்லிவிட்டேன். மாற்றுக் குறைந்த உலோகத்தை நிறம் பார்த்தே ஒதுக்குகிறவனுக்கு மஞ்சளும் ஆரஞ்சும் ஒரு பெரிய விஷயமா? அவற்றுக்கு நடுவே கேரட்டைக் கடித்துக்கொண்டிருப்பது போல ஒரு தடியன். ஆலாக்களிலேயே பெரியது அதுதானாம், காஸ்பியன் ஆலா.

கடற்காகங்களில் பெரும்பாலும் பழுப்புத்தலை. பெயருக்குத்தான் பழுப்புத்தலை, குளிர்காலத்தில் தலை வெள்ளையாகிவிடுகிறது. கண்ணுக்குப் பின்னால் மட்டும் திருஷ்டிப் பொட்டு வைத்தது போல ஒரு கறுப்பு. இவை கூடு கட்டுவது திபெத், லடாக் பக்கத்து ஏரிகளில். இமயமலையைத் தாண்டி வந்து இங்கே சாவகாசமாக உட்கார்ந்திருக்கின்றன. நானூறு கிலோமீட்டர் காரில் வந்ததற்கே எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

கரைவலை இழுக்கிற இடம் இருந்தால் விடாதீர்கள். பத்திருபது பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க இழுக்க, மேலே செம்பருந்து கூடிக்கொண்டே வரும். நம் ஊரில் ஒரு கருடன் தெரிந்தாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அங்கே பதினெட்டு வரை எண்ணினேன். மச்சினன் கன்னம் சிவந்துவிட்டது. பழைய கம்பம் ஒன்றில் விரால் அடிப்பான் என்கிற மீன்பிடிக் கழுகு உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருந்தது. இன்னொன்று மீனோடு பறந்து வந்தபோது கவனித்தேன், மீனின் தலை முன்னோக்கி இருக்கும்படி பிடித்திருந்தது. காற்றைக் கிழிக்க அதுதான் வசதியாம். மகள் ஆசைப்பட்டு வந்தது நண்டுதின்னி உள்ளானுக்காக. அது கடைசி வரை கண்ணில் படவில்லை.

இப்போது என் வயிற்றெரிச்சல். காற்றில் உப்புத் தூசும் மணலும் பறந்து பைனாகுலர் கண்ணாடியில் அப்பிக்கொண்டே இருந்தன. மணலோடு துணி போட்டுத் துடைத்தால் கீறல் விழும். பாலிஷ் போட்ட வெள்ளிக்கும் அதே விதிதான். எனவே தலையைக் குனிந்து, பழைய ஊதுகுழல் பழக்கத்தில் வாயைக் குவித்து, ஒவ்வொரு துகளாக ஊதிக்கொண்டிருந்தேன். வலைக்காரர் ஒருவர், “ஓங்கில் போகுது பாருங்கண்ணே!” என்று கத்தினார். நிமிர்ந்து, கழுத்துப் பட்டையை நேராக்கி, கண்ணில் வைப்பதற்குள் தண்ணீர்தான் இருந்தது. மகள் மூன்று முதுகு பார்த்தாளாம். மச்சினன் இரண்டு பார்த்தானாம். வெறும் கண்ணால், கையில் டீயோடு! ஓங்கில் என்றால் டால்பின். திரும்ப வருமா என்று கேட்டேன். “வரும்ண்ணே. இன்னைக்கா நாளைக்கான்னு அதுதான் சொல்லணும்.” முக்கால் மணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். டாக்டர் சொன்ன தூரப் பார்வை அன்றைக்கு ஒரு வருடத்துக்குப் போதுமான அளவு ஆயிற்று.

அவரிடமே ஆவுளியா பற்றிக் கேட்டோம். கடற்பசு. கடலடிப் புல்லை மேய்கிற சாதுவான பிராணி. அவர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, அதுவும் படகிலிருந்து பார்த்திருக்கிறார். கரையில் நின்று பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தையிலிருந்து பங்குனி வரை ராத்திரியில் பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும் என்றும் சொன்னார். வனத்துறை அந்த முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதே முடிவாகுமாம். சூட்டிலேயே பிழைப்பு நடத்துகிற எனக்கு இது பிடித்துப்போனது.

பூநாரைக்கு, அதாவது ஃபிளமிங்கோவுக்கு, முனை வரை போகவே வேண்டாம். திரும்பும் வழியில் கோதண்டராமர் கோயிலுக்குப் பிரியும் சாலை ஆழமில்லாத தண்ணீருக்கு நடுவே போகிறது. அங்கே நின்றால் போதும். 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பக்கம் ஏறத்தாழ 525 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது. மகள் நூற்றி நாற்பது வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டாள். தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, வளைந்த அலகால் சலித்துச் சலித்துத் தின்கின்றன. பட்டறைக் குப்பையை அலசித் தூள் வெள்ளி எடுக்கிற வேலை ஞாபகம் வந்தது. எல்லாமே சிவப்பாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இளசுகள் சாம்பல் பூத்துத்தான் இருக்கும். தின்கிற இரையிலிருந்துதான் அந்த நிறம் மெல்ல மெல்ல ஏறுகிறது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் ட்ரோன் விட்டான். மொத்தக் கூட்டமும் தண்ணீரில் ஓடி எழும்பியது. இறக்கை விரிந்ததும் உள்ளே அடித்தது பாருங்கள் ஒரு சிவப்பு, ஓரத்தில் கறுப்பு! மகள் கோபமாகப் போய் அவனிடம் சண்டை போட்டாள், அவை தின்கிற நேரத்தைக் கெடுக்கிறாய் என்று. அவள் சொன்னதுதான் சரி. ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்தபோது என் வாயிலிருந்தும் ஒரு “ஆ” வந்தது. அதை அவளிடம் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இடிந்த சர்ச்சும் ஸ்டேஷனும் வழியில் இருக்கின்றன. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயல் விட்டுவைத்தவை. அங்கே சங்கும் சிப்பியும் விற்கிறார்கள், மீன் பொரித்துத் தருகிறார்கள். நாங்கள் சாப்பிட்ட பாறை மீன் அருமை, விலை மட்டும் கேட்டுவிட்டு உட்காருங்கள். நிழல் கிடையாது. வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒன்பதரைக்குள் கிளம்பிவிட வேண்டும். கழிப்பறை வேலையை ராமேஸ்வரத்திலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். தொப்பி, தண்ணீர், பைனாகுலருக்கு மேல் மூட ஒரு பிளாஸ்டிக் கவர். லாட்ஜ் அறை மூன்று பேருக்கு 1,800 ரூபாய் ஆனது, வெந்நீர் வரவில்லை.

மதிப்பெண் கேட்டால், பதினொரு மணி அரிச்சல்முனைக்கு ஐந்துக்கு ஒன்றரை, ஆறரை மணி அரிச்சல்முனைக்கு நாலேமுக்கால். அந்தக் கால் மதிப்பெண்ணை ஓங்கிலுக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன்.

ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும்போது, நடுக்கடலிலேயே காலம் தள்ளுகிற பறவைகள் கரைப் பக்கம் ஒதுங்கும், அதற்கு ஒரு தடவை போக வேண்டும் என்கிறாள் மகள். எனக்கும் வசதிதான். ஆடியில் கல்யாணம் கிடையாது, கொலுசு ஆர்டரும் குறைவு. ஆனால் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் பூச்சாட்டுவதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. மச்சினன் இப்போதே வண்டிக்கு டயர் மாற்றிவிட்டான். “மாமா, இந்தத் தடவை நீங்க ஊதாதீங்க, நான் துடைச்சுத் தரேன்” என்கிறான். அவன் கையில் பைனாகுலரைக் கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.