ஆர்டர்டா, ரைட்பேக்கா, ஜர்னலா? மவுண்ட் ஆப்ஷன்கள் ஓர் அலசல்

லினக்ஸில் எந்த டிஸ்க்கை எங்கே, எப்படி இணைப்பது (மவுண்ட் செய்வது) என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பின் நான்காவது கட்டத்தில் ‘டிஃபால்ட்ஸ்’ என்று எழுதிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு ரகம். எங்கோ படித்த ஏழெட்டு ஆப்ஷன்களைக் காற்புள்ளி போட்டு அடுக்கி, மெஷின் இப்போது பறக்கிறது என்பவர்கள் இன்னொரு ரகம். பல வருடம் இரண்டாவது ரகமாக இருந்துவிட்டு முதலாவதுக்குத் திரும்பியவன் நான். ஒரே ஒரு சொல்லை மட்டும் விடாமல் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜர்னல் இருக்கிறதே, கரண்ட் போனால் என்ன என்று பலரும் நினைக்கிறோம். ஜர்னல் என்பது கடைக்காரரின் சிட்டை மாதிரி. முதலில் சிட்டையில் குறித்துவிட்டு, பிறகு பேரேட்டில் ஏற்றுவது. நடுவில் ஏதாவது நின்றுபோனால் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் லினக்ஸின் எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டங்கள் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகள்) இரண்டுமே வழக்கமாகச் சிட்டையில் குறிப்பது மெட்டாடேட்டாவை மட்டும்தான்: கோப்பின் அளவு என்ன, எந்தெந்த பிளாக்கில் இருக்கிறது, எந்தக் கோப்புறையைச் சேர்ந்தது என்பவை. நீங்கள் தட்டச்சு செய்த வரிகள் அதில் ஏறுவதில்லை. ஃபைல் சிஸ்டம் பத்திரமாக இருப்பதும் உங்கள் கோப்பு பத்திரமாக இருப்பதும் இரண்டு வேறு விஷயங்கள். உள்ளடக்கத்தை எப்படிக் கையாள்வது என்று சொல்லும் ‘டேட்டா’ ஆப்ஷனின் மூன்று மோடுகளும் (ஆர்டர்டு, ரைட்பேக், ஜர்னல்) பிரிகிற இடம் இதுதான்.

ஆர்டர்டு மோடில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மெட்டாடேட்டா ஜர்னலில் கமிட் ஆவதற்கு (பதிவு உறுதியாவதற்கு) முன்பே, அதோடு சேர்ந்த உள்ளடக்கம் டிஸ்க்கில் தன் இடத்துக்குப் போயிருக்க வேண்டும். ரைட்பேக்கில் அந்த வரிசை கிடையாது. எது முந்துகிறதோ அது முந்தட்டும் என்று விட்டுவிடும். ஜர்னல் மோடு எதிர்த் திசையில் போகிறது. மெட்டாடேட்டா, உள்ளடக்கம் எல்லாமே முதலில் ஜர்னலில், பிறகு உரிய இடத்தில் என ஒவ்வொன்றையும் இரண்டு முறை எழுதும்.

ரைட்பேக்கின் விலையை நான் எக்ஸ்ட்3 காலத்தில் கண்ணால் பார்த்தேன். ஒரு லாக் கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. மெஷின் மறுபடி எழுந்தபோது எந்தப் புகாரும் இல்லை, ஜர்னல் சில நொடிகளில் ஓடி முடிந்தது. கோப்பின் அளவும் சரியாகவே இருந்தது. திறந்து பார்த்தால், ஒரு வரியின் பாதி வரை லாக். அதற்குப் பிறகு, முன்பு எப்போதோ நான் அழித்த ஒரு கான்ஃபிகரேஷன் கோப்பின் துண்டு. அளவு கூடிவிட்டது, பிளாக்குகளும் ஒதுக்கப்பட்டுவிட்டன என்பது ஜர்னலில் ஏறியிருக்கிறது. புது உள்ளடக்கம் மட்டும் வந்து சேரவில்லை. அந்த பிளாக்குகளில் ஏற்கெனவே கிடந்த குப்பை என் கோப்பாகிவிட்டது. பல பேர் பயன்படுத்தும் மெஷினாக இருந்தால் அந்தக் குப்பை வேறொருவரின் கடிதமாகவும் இருந்திருக்கலாம். கடைசி சில நொடி வேலை போவதை நான் பொறுத்துக்கொள்வேன். சரியானது போலத் தோன்றும் தப்பான கோப்பைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் ரைட்பேக்கை யார் விரும்பினார்கள்? அதற்கும் நியாயம் இருந்தது. எக்ஸ்ட்3-இன் ஆர்டர்டு மோடில் ஒரு நிரல் தன் சின்னக் கோப்புக்கு எஃப்சிங்க் (இப்போதே டிஸ்க்கில் எழுது என்ற கட்டளை) கேட்டால், அந்த ஃபைல் சிஸ்டத்தில் காத்திருக்கும் மற்றவர்களின் டேட்டாவும் சேர்ந்தே டிஸ்க்குக்குப் போக வேண்டியிருந்தது. 2008-இல் ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்தபோது, பின்னணியில் பெரிய கோப்பு நகலாகிக்கொண்டிருந்தால் உலாவியே உறைந்து நின்றதற்கு இதுதான் காரணம். 2009-இல் வந்த லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 2.6.30, எக்ஸ்ட்3-இன் இயல்பு மோடை ரைட்பேக்காக மாற்றியது, 2.6.36-இல் மறுபடி ஆர்டர்டுக்கே திரும்பினார்கள். கெர்னல்காரர்களே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிய பாதை அது.

எக்ஸ்ட்4-இல் இந்த வாதமே பாதி செத்துவிட்டது. பிளாக் ஒதுக்குவதைக் கடைசி வரை தள்ளிப்போடும் வழக்கம் அதில் இருப்பதால் எஃப்சிங்க் அந்த அளவுக்கு வலிப்பதில்லை. கெர்னல் 5.6-க்குப் பிறகு, புதிதாக எழுதும் பிளாக்குகளை ‘இன்னும் எழுதப்படாதவை’ என்று குறித்து வைத்து, எழுதி முடித்த பிறகே அந்தக் குறியை எடுக்கிறார்கள். அதனால் பழைய குப்பை வெளிவரும் ஆபத்தும் குறைந்தது, ரைட்பேக்கால் கிடைக்கும் வேகமும் குறைந்தது. பழைய குறிப்புகளைப் பார்த்து இன்றும் அதைச் சேர்ப்பவர்கள் பதினைந்து வருடத்துக்கு முந்தைய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார்கள்.

ஜர்னல் மோடு பாதுகாப்பில் முதலிடம். ஆனால் இரட்டை எழுத்து, ஃபிளாஷ் கார்டில் இரட்டைத் தேய்மானம். தள்ளிப்போட்டு ஒதுக்குவதும், கேஷை (நினைவகத்தில் இருக்கும் தற்காலிக நகலை) தாண்டி நேரடியாக எழுதுவதும் இதில் வேலை செய்யாது. சின்னச் சின்னதாக நிறைய எஃப்சிங்க் நடக்கும் இடத்தில், வேகமான தனி டிஸ்க்கில் ஜர்னலை வைத்திருந்தால் யோசிக்கலாம். டேட்டாபேஸுக்கு வேண்டாம், அது தானே ஒரு சிட்டை வைத்திருக்கிறது, மூன்றாவதாக ஒன்று எதற்கு?

எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. அது மெட்டாடேட்டாவை மட்டுமே ஜர்னல் செய்யும், தேர்வு கிடையாது.

அடுத்து ‘கமிட்’, அதாவது எத்தனை நொடிக்கு ஒருமுறை ஜர்னலை டிஸ்க்கில் உறுதிசெய்வது என்ற ஆப்ஷன். இயல்பாக 5 நொடி. மடிக்கணினியில் பேட்டரி மிச்சமாகட்டும் என்று 60 வரை ஏற்றுவார்கள். 5 என்றால் அதிகபட்சம் 5 நொடி வேலைதான் போகும் என்று எண்ண வேண்டாம். தள்ளிப்போட்டு ஒதுக்குவதால், எஃப்சிங்க் கேட்காத டேட்டா நினைவகத்தில் 30 நொடி வரையோ அதற்குச் சற்று மேலோ கிடக்கலாம். அந்த அளவைத் தீர்மானிப்பது வேறொரு கெர்னல் அமைப்பு.

‘நோபேரியர்’ பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. டிஸ்க்கின் உள்கேஷைக் காலி செய்யச் சொல்லும் கட்டளையையே அது நிறுத்திவிடுகிறது. சிட்டைக்கு முன்னால் பேரேடு எழுதப்பட்டால் சிட்டை எதற்கு? பேட்டரி தாங்கும் கேஷ் உள்ள கன்ட்ரோலர் இருந்தால் ஒழியத் தொடாதீர்கள். எக்ஸ்எஃப்எஸ் இந்த ஆப்ஷனைக் கெர்னல் 4.19-இல் நீக்கியே விட்டது.

நான் விடாமல் சேர்க்கும் அந்த ஒரு சொல் ‘நோஏடைம்’. கோப்பைப் படித்த நேரத்தைக் குறித்துவைப்பதற்காக ஒவ்வொரு படிப்பும் ஓர் எழுத்தாக மாறுவது பழைய கொடுமை. 2.6.30 முதல் இயல்பாக இருக்கும் ‘ரெலடைம்’ அதைப் பெரிதும் தணித்துவிட்டது: கடைசியாகப் படித்த நேரம், கோப்பு மாறிய நேரத்துக்கு முந்தையதாகவோ 24 மணி நேரத்துக்கு மேல் பழையதாகவோ இருந்தால்தான் புதுப்பிக்கும். லட்சக்கணக்கான சின்னக் கோப்புகளை தினமும் துழாவும் பேக்கப் மெஷினில் அதுவும் அதிகம்தான், அங்கே நோஏடைம் பளிச்சென்று தெரியும். சாதாரண மேசைக் கணினியில் வித்தியாசத்தை உணர்ந்தேன் என்று சொன்னால் அது பொய். இதோடு ‘நோடைரேடைம்’ சேர்த்து எழுதுபவர்களுக்கு: அது இதற்குள்ளேயே அடக்கம்.

இவ்வளவுக்குப் பிறகும் ‘டேட்டா’ மோடை மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், மவுண்ட் ஆகியிருக்கும்போதே ரீமவுண்ட் செய்து அதை மாற்ற முடியாது. ரூட் பார்ட்டிஷனுக்கு (சிஸ்டமே இருக்கும் பகுதிக்கு) எஃப்எஸ்டேப்பில் மட்டும் எழுதிவிட்டு ரீபூட் செய்தால், எழுதும் நிலைக்கு ரீமவுண்ட் ஆகாமல் படிக்க மட்டும் முடியும் நிலையிலேயே நின்றுவிடும். பூட்லோடரில் (மெஷின் எழும்போது கெர்னலை ஏற்றும் நிரலில்) ‘ரூட்ஃபிளாக்ஸ்’ வழியாகவோ, ட்யூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு ஃபைல் சிஸ்டத்தின் தலைப்புப் பதிவான சூப்பர்பிளாக்கிலோதான் குறிக்க வேண்டும். இப்போது எந்த மோடில் ஓடுகிறது என்று பார்க்க மவுண்ட் கட்டளையை நம்பாதீர்கள், இயல்பு மதிப்புகளை அது காட்டாமல் விட்டுவிடலாம். ப்ராக் கோப்புறைக்குள் எஃப்எஸ், அதற்குள் எக்ஸ்ட்4, அதற்குள் உங்கள் பார்ட்டிஷன் பெயர். அங்கே ‘ஆப்ஷன்ஸ்’ என்ற கோப்பில் முழுப் பட்டியலும் இருக்கும்.