மேலூர் வெள்ளைக் கல்லில் 14 வருடச் சமையல்

மதுரைக்குப் பக்கம் ஒத்தக்கடையில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தது 2011-ல். அடுப்பும் சிங்க்கும் உள்ள நீளமான மேடைக்கு வெள்ளை கிரானைட், எதிரே கிரைண்டரும் மிக்ஸியும் வைக்கிற சின்ன மேடைக்குக் கறுப்பு. இரண்டும் ஒரே வாரத்தில் பதித்தவை. ஒரே வீட்டு எண்ணெயும் புளியும் மஞ்சளும்தான் 14 வருடமாக இரண்டின் மேலும் சிந்துகின்றன. கல் வாங்கப் போகிறவர்களுக்கு இந்த அனுபவம் பயன்படும்.

வெள்ளைக் கல்லுக்கு வியாபாரத்தில் 'காஷ்மீர் ஒயிட்' என்று பெயர். காஷ்மீருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, நம் மேலூர்ப் பக்கம் வெட்டி எடுத்த கல்தான். லேசான சாம்பல் ஓடிய வெண்மை, நடுநடுவே மாதுளை முத்து போல சிவப்புப் புள்ளிகள். கார்னெட் என்ற கனிமம் அது. காலை வெயில் படும்போது பார்த்தால் இன்றைக்கும் மனசு நிறையும். அந்த அழகைப் பார்த்துத்தான் வாங்கினோம். "கிரானைட்ல கறையே பிடிக்காதும்மா" என்று கடையில் சொன்னதையும் நம்பினோம்.

குடிவந்த வருடத் தீபாவளிக்கு முறுக்கு சுட்டு முடித்து, நல்லெண்ணெய்த் தூக்கை மேடையிலேயே வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் தூக்கை எடுத்தால் அடியில் கருவட்டம். சோப்புப் போட்டுத் தேய்த்தேன், நாரை மாற்றித் தேய்த்தேன். மேலே இருந்தால்தானே போகும்? எண்ணெய் கல்லுக்குள் இறங்கிவிட்டது. வெளிர் நிறக் கற்களில் பலவற்றுக்கு, குறிப்பாக இந்த வகைக்கு, உறிஞ்சும் தன்மை அதிகம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. சமையல் சோடாவைத் தண்ணீர் விட்டு இட்லி மாவை விடக் கெட்டியாகக் குழைத்து, வட்டத்தின் மேல் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களில் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டேன். மூன்று தடவை செய்த பிறகு வட்டம் மங்கியது. முழுதாகப் போகவில்லை.

மஞ்சள் கறை வேறு மாதிரி. ஜன்னல் ஓரம் விழுந்தது ஒரு வாரத்து வெயிலிலேயே வெளுத்துவிட்டது. மிக்ஸி ஜாரின் மூடியில் ஒட்டியிருந்த மஞ்சள் வெயிலில் போவது போலத்தான். வெயில் எட்டாத மூலையில் விழுந்தது மாதக்கணக்கில் நின்றது.

சிங்க்கைச் சுற்றி மூன்று விரல் அகலத்துக்குக் கல் எப்போதும் ஈரமாகவே தெரியும். 2016-ல், எண்ணெயும் தண்ணீரும் கல்லுக்குள் இறங்காமல் தடுக்கும் சீலர் என்ற பூச்சை அடித்தோம். அடித்த புதிதில் தண்ணீர் தாமரை இலையில் நிற்பது போல முத்து முத்தாக நின்றது, கறையும் குறைந்தது. ஆனால் ஒரு தடவை அடித்துவிட்டு மறந்துவிட முடியாது. தண்ணீர் நிற்காமல் கல்லில் பரவ ஆரம்பித்தால் திரும்ப அடிக்க வேண்டும்.

புளிப்பைப் பொறுத்தவரை இந்தக் கல்லின் மேல் எனக்குக் குறையே இல்லை. அயிரை மீன் குழம்பு சட்டியோடு கவிழ்ந்திருக்கிறது, பாலிஷ் அப்படியே இருக்கிறது. திருநகரில் அண்ணன் வீட்டில் மார்பிள் போட்டார்கள். அண்ணி எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்த இடம் இன்றும் மங்கிய வட்டமாகத் தெரிகிறது. மார்பிள் சுண்ணாம்புச் சத்துள்ள கல், புளிப்புப் பட்டால் அரிக்கும். கடப்பாக் கல்லும் சுண்ணாம்பு வகைதான். அலமாரித் தட்டுக்கு அது போதும், சமையல் மேடைக்கு வேண்டாம்.

கறுப்பில் 14 வருடத்தில் ஒரு கறை கூட இல்லை. அதில் தெரிவதெல்லாம் எங்கள் போர் தண்ணீரின் உப்புப் படலம்தான். அத்தை தினமும் ராத்திரி ஈரத்துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் படுப்பார். அவர் ஊருக்குப் போன வாரங்களில் வெள்ளைப் பூச்சு தெரிந்துவிடும். அதற்காக ஆசிட் ஊற்றாதீர்கள், பாலிஷ் போய்விடும். கறுப்பு வாங்கும்போது நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு கறுத்தால் சாயம் ஏற்றிய கல்.

பதிக்கும் வேலையில் இரண்டு தப்பு நடந்தது. வெளிர் கல்லுக்கு வெள்ளை சிமெண்ட் போட்டிருக்க வேண்டும். கொத்தனார் சாதாரண சிமெண்ட் போட்டதில் ஈரம் ஏறி அங்கங்கே திட்டுத் திட்டாக நிழல் விழுந்தது, அது மறையவே இல்லை. அடுத்தது, சிங்க்குக்கு வெட்டிய கல்லின் முன்பக்கம் இரண்டு அங்குலப் பட்டைதான் மிச்சம். தூக்கி வைக்கும்போது விரிசல் விட்டது. எபாக்ஸி வைத்து ஒட்டியது இன்றுவரை தாங்குகிறது. மாற்றலாம் என்று 2019-ல் தேடியபோது அதே சாயலில் துண்டு கிடைக்கவில்லை. 2012-ல் கிரானைட் வெட்டியதில் நடந்த முறைகேடு வெளியே வந்து மேலூர்ப் பக்கக் குவாரிகள் மூடப்பட்டிருந்தன. சமணர் படுக்கை உள்ள மலைகளுக்குப் பக்கம் வரை வெட்டியிருந்தார்கள். கல் கிடைக்காததில் எனக்கு வருத்தமில்லை, அந்த மலைகள் நிற்க வேண்டும்.

இன்று வாங்கினால் அடுப்பு மேடைக்குக் கறுப்பையே போடுவேன். வெள்ளையைப் பூஜை அலமாரிக்கு வைத்துக்கொள்வேன். ஊமச்சிகுளத்தில் வீடு கட்டுகிற என் தங்கைக்கு வெள்ளை மேல்தான் ஆசை. போன வாரம் கடையிலிருந்து இரண்டு சாம்பிள் துண்டு வாங்கி வந்திருந்தாள். இரண்டிலும் நல்லெண்ணெயும் புளித்தண்ணீரும் ஒவ்வொரு சொட்டு விட்டு, ராத்திரி முழுக்க அப்படியே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.