பிளிமத்: 37 புள்ளி வைக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டு மடிக்கணினி பூட் ஆகும்போது லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் சின்னம் வரும். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அம்மாவின் பழைய கோல நோட்டைப் பரணிலிருந்து இறக்கிய அன்று, சின்னத்துக்குப் பதில் ஒரு கோலம் வந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றிவிட்டது. ஏழு புள்ளி, நான்கு வரை, இடைப்புள்ளி. நடுவில் ஏழு, மேலும் கீழும் ஆறு, ஐந்து, நான்கு, மொத்தம் 37. கணினி எழ எழப் புள்ளி ஒவ்வொன்றாக விழ வேண்டும், கடைசியில் கோடு ஓட வேண்டும். இதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது.

லினக்ஸில் இந்தத் துவக்கத் திரையைக் காட்டும் மென்பொருளின் பெயர் பிளிமத். ரெட் ஹாட் நிறுவனத்தின் ரே ஸ்ட்ரோட் உருவாக்கியது. 2008 நவம்பரில் வந்த ஃபெடோரா 10 என்ற லினக்ஸ் பதிப்பில் முதலில் இடம்பிடித்தது. 2010-இல் இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவின் 10.04 பதிப்புக்கும் வந்தது. இலவசம். உங்கள் கணினியில் உபுண்டுவோ மின்ட்டோ இருந்தால் இதுவும் ஏற்கெனவே இருக்கும், தனியாக எதையும் இறக்க வேண்டாம்.

சின்னத்தை மட்டும் மாற்றினால் போதும் என்பவர்களுக்கு அரை மணி நேர வேலைதான். ஸ்பின்னர் என்ற தீமின் (துவக்கத் திரையின் தோற்றத் தொகுப்பு) ஃபோல்டரை வேறு பெயரில் நகலெடுத்து, உள்ளே வாட்டர்மார்க் என்ற பெயரில் உங்கள் படத்தை வையுங்கள். மூல ஃபோல்டரிலேயே கை வைத்தால் அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும். படம் பிஎன்ஜியாக இருக்கட்டும், ஜேபெக் எடுக்காது.

எனக்கு அசைவு வேண்டும் என்பதால், நாமே நிரல் எழுதி ஓட்டும் ஸ்கிரிப்ட் வகைத் தீமுக்குப் போனேன். பிளிமத்துக்கென்றே ஒரு குட்டி மொழி இருக்கிறது, பார்த்தால் ஜாவாஸ்கிரிப்ட்டின் தம்பி மாதிரி. இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் 37 புள்ளிக்கு 37 படம், கோட்டுக்கு 11 என்று 48 படங்கள் வரைந்தேன். கீழே 'வாங்க' என்று ஒரு சொல். அதையும் படமாகவே வைத்தேன். எழுத்தாகக் கொடுத்தால் அந்த ஆரம்ப நிலையில் தமிழ் எழுத்துரு கைக்குக் கிடைக்க வேண்டுமே என்ற கவலை.

எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. பூட் எவ்வளவு முடிந்திருக்கிறது என்று பிளிமத் ஸ்கிரிப்ட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும், பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை. அது எப்படித் தெரியும்? போன முறை எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு கோப்பில் குறித்து வைத்து, இன்றைக்கும் அப்படித்தான் ஆகும் என்று கணக்குப் போடுகிறது. நம் ஊர் பஸ் கண்டக்டர் சொல்லும் கணக்கு. ஆனால் நன்றாகவே ஒத்துப் போகிறது. புள்ளிகளை இந்த எண்ணோடு கட்டிவிட்டேன்.

இனி புலம்பல். ஸ்கிரிப்ட்டில் ஒரு பெயரைத் தப்பாக அடித்தால் பிழைச் செய்தி கிடையாது, கருந்திரைதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் (பூட்டின் முதல் கட்டத்துக்கு வேண்டிய கோப்புகளின் மூட்டை, தீமும் அதற்குள்தான் போகும்) புதுப்பித்து, ரீபூட் செய்து, வெறும் இருட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். முதல் ஞாயிறு அப்படியே போனது. அப்புறம்தான் பிளிமத்-எக்ஸ்11 என்ற பொதி கண்ணில் பட்டது. அதை நிறுவினால் டெஸ்க்டாப்பிலேயே ஒரு ஜன்னலில் தீமை ஓட்டிப் பார்க்கலாம். முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம், இப்போது நான் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது ஞாயிறு நடந்தது முழுக்க என் தப்பு. எங்கள் வட்டு என்க்ரிப்ட் செய்தது. துவக்கத்தில் கடவுச்சொல் கேட்கும். திரையில் மூன்று புள்ளி விழுந்தது, அதோடு சரி. ஐந்து நிமிடம் ஆயிற்று. காபியோடு வந்த அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா, மூணு புள்ளி வெச்சிட்டு எழுந்து போயிடுச்சா?" என்றாள். எஸ்கேப் விசையைத் தட்டினேன். படம் விலகி எழுத்துத் திரை வந்தது, அதில் கடவுச்சொல்லைக் கேட்டபடி கணினி அமைதியாகக் காத்திருந்தது. ஸ்கிரிப்ட் தீமில் கடவுச்சொல் பெட்டியையும் நாம்தான் வரைய வேண்டும். வரையாவிட்டால் கேட்பது கேட்டபடி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றையாவது மறக்காதீர்கள்.

இன்னொரு சின்ன வம்பு: இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்கும் கட்டளை வழக்கமாக ஆகப் புதிய கர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) மட்டுமே அதைப் புதுப்பிக்கும். நான் ஏதோ காரணத்துக்காகப் பழைய கர்னலில் ஏறியிருந்தேன். பழைய சின்னமே பல்லைக் காட்டியது. எல்லாக் கர்னலுக்கும் என்று சொல்லிக் கொடுத்த பிறகு சரியாயிற்று.

மூன்றாவது ஞாயிறு கோலம் முழுதாக வந்தது. ஆனால் இடையில் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டிருந்தேன். 37 புள்ளியும் யாரோ அரிசியைக் கையால் அள்ளி வீசியது போல ஒரே நொடியில் விழுந்து, கோடு ஓடுவதற்குள் லாகின் திரை வந்துவிட்டது. வேகமான கணினிக்காரர்கள் இதில் நேரம் செலவழிப்பதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள். நான் வெட்கத்தை விட்டு, லாகின் திரைக்கு முன்னால் நான்கு நொடி சும்மா தூங்கும் ஒரு சிஸ்டம்டி சர்வீஸ் (பூட்டின்போது லினக்ஸ் தானாக ஓட்டும் வேலை) எழுதிப் போட்டேன். காசு கொடுத்து வாங்கிய வேகத்தைக் கோலத்துக்காக விட்டுக்கொடுத்த ஆள் நான்.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. நினைத்ததைச் செய்ய விடுவதற்கு முழு மதிப்பெண் தரலாம். தப்பு செய்தால் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு ஒன்றரை கழித்துக்கொண்டேன்.

முடிந்தது என்று அம்மாவை அழைத்துக் காட்டினேன். பூட் ஆனதைப் பார்த்துத் தலையாட்டினாள். ஷட் டவுன் கொடுத்தேன். அணைக்கும்போதும் பிளிமத் அதே தீமைத்தான் காட்டும், அதனால் மறுபடி புள்ளி விழ ஆரம்பித்தது.

"கிளம்பிப் போறப்போ யாராவது கோலம் போடுவாங்களாடா?"

இப்போதெல்லாம், எழும் நேரமா அணையும் நேரமா என்று ஸ்கிரிப்ட் பிளிமத்திடம் கேட்டுப் பார்க்கும். அணையும் நேரம் என்றால் ஒரு அகல்விளக்கு மட்டும் வரும். ஐந்து வரிதான் கூடுதல்.