மூணு ஏக்கருக்கு பழைய மேசி 1035 போதுமா?

சேரன்மாதேவி பக்கம் கொஞ்சம் வயலும் வாழையும்தான் நமக்கு, அதுக்கு எதுக்கு புது வண்டின்னு பழைய மேசி பெர்குசன் 1035 டிராக்டர வச்சு ஓட்டுதேன். 36 எச்பி, மூணு சிலிண்டர், சிம்ப்சன் எஞ்சின். டீசல் அளவாத்தான் குடிக்கும், சின்ன வயல்ல திருப்ப தோதா இருக்கும், இங்கன எந்த மெக்கானிக்க கேட்டாலும் கண்ண மூடிட்டு பிரிச்சு மாட்டுவாரு. இதவிட கனமான வண்டி எடுத்தா நம்ம தொழியில, அதான் சேத்து வயல்ல, புதையும்.

வாங்க போறவங்க எல்லாம் மொதல்ல மாடல் வருசத்ததான் கேக்காவ. அத விடுங்க அண்ணாச்சி, வண்டி எங்க ஓடுச்சுன்னு கேளுங்க. ராதாபுரம் நாங்குநேரி பக்கம் செவக்காட்டுல புழுதி உழவு மட்டும் ஓட்டுன 20 வருச வண்டிய நான் நம்பி எடுப்பேன், இங்க ஆத்துப் பாசனத்துல கார், பிசானம்னு ரெண்டு நெல் போகத்துக்கும் கேஜ் வீல் (சேத்துல ஓட்டுற இரும்புச் சக்கரம்) மாட்டி தொழி அடிச்ச 8 வருச வண்டிய யோசிச்சுத்தான் எடுப்பேன். ஏன்னா மேசில கலப்பைய தூக்குற லிப்டுக்கான ஹைட்ராலிக் பம்பு கியர் ஆயிலுக்குள்ளயே முங்கி கெடக்கும், சீல் போயி சேத்துத்தண்ணி உள்ள எறங்குச்சுன்னா கியரும் போச்சு லிப்டும் போச்சு. கியர் ஆயில் குச்சிய உருவிப் பாருங்க, பால் ஊத்துன காப்பி மாதிரி இருந்துச்சுன்னா மேல வெலையே பேச வேண்டாம்.

சொல்லாம கொள்ளாம காலைலயே போங்க. பானட்டுல கை வைங்க, சூடா இருந்தா ஏற்கனவே ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டாருன்னு அர்த்தம், ஆறட்டும்னு உக்காந்துருங்க. நீலப் புகை நிக்காம வந்தா ஆயில் எரியுது, எஞ்சின் வேலை இருக்கு. பெறவு ஒம்பது கொத்து கலப்பைய தூக்கச் சொல்லி எஞ்சின ஆப் பண்ணுங்க, மடமடன்னு கீழ எறங்குனா லிப்டுல கசிவு. எத்தன மணி நேரம் ஓடுச்சுன்னு காட்டுற மீட்டர எல்லாம் நம்பாதீங்க, பாதி வண்டில அது ஓடவே ஓடாது, பின்னாடி டிரெய்லர் மாட்டுற ஓட்டைய பாருங்க, தேஞ்சு நீள்வட்டமா இருந்தா நல்லா லோடு அடிச்ச வண்டி, மேல எத்தன கோட்டு செவப்பு பெயிண்ட் அடிச்சிருந்தாலும் சரி.

கொறையும் உண்டு. பழைய மாடல்ல ஆயில்ல முங்காத ட்ரை டிஸ்க் பிரேக்குதான், ஈரம் பட்டா சரியா பிடிக்காது, தொழிய விட்டு ரோட்டுக்கு ஏறுனதும் பிரேக்க நம்பி வேகமா போகப்பிடாது, ரெண்டு பிரேக் பெடலயும் சேத்து லாக் போட்டுட்டு மெதுவா உருட்டணும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டின்னா நாள்பூரா ஓட்டுனா தோள்பட்ட கழண்டுரும். எங்க அப்பாவுக்கு அது ஒரு பொருட்டே இல்ல, நமக்குத்தான் முடியல.

ஆர்சி புக்குல பேங்க் பேரு ஏறியிருக்கான்னு பாருங்க, இருந்தா கடன் முடிஞ்சதுக்கு என்ஓசி கைக்கு வராம அட்வான்ஸ் குடுக்காதீங்க. டிரெய்லரும் சேத்துத் தாரேன்னா அதுக்கு தனி ஆர்சி கேளுங்க, இல்லன்னா வண்டிய மட்டும் ஓட்டிட்டு வாங்க.