டச்பே விறாந்தையில் சனிக்கிழமை இங்கிலீஷ்: எட்டு மாதம் போய் வந்த அனுபவம்

கலியாணம் முடிந்து, மனிசன் லண்டனில், நாங்கள் இங்கே, நடுவில் ஒரு இங்கிலீஷ் சோதனை என்று காத்திருக்கிற பெண்கள் திருகோணமலையில் ஒழுங்கைக்கு ஒருவராவது இருப்பார்கள். நானும் அப்படிக் காத்திருந்தவள்தான். டச்பே கடற்கரைக்குக் கிட்ட, ஒரு பழைய வீட்டின் முன் விறாந்தையில், ஓய்வுபெற்ற இங்கிலீஷ் ரீச்சர் ஒருவர் சனிக்கிழமை பின்னேரம் 4 மணிக்கு நடத்துகிற கதைக்கும் வகுப்புக்கு எட்டு மாதம் போனேன். பெயர்ப்பலகை இல்லை, நோட்டீஸ் இல்லை. போய் வந்தவர்கள் சொல்லித்தான் அடுத்தவர்கள் வருகிறார்கள், அதனால் நானும் சொல்கிறேன்.

அதற்கு முதல் நான் போன இடத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த வகுப்பின் அருமை விளங்காது. டவுனில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் கோர்ஸ், மூன்று மாதம், 18,000 ரூபாய். ஒரு ஹோலில் நாற்பது பேர். சேர் வெள்ளைப் பலகையில் டென்ஸ் எழுதுவார், நாங்கள் கொப்பியில் எழுதுவோம், முடிந்தது. மூன்று மாதத்தில் நான் வாய் திறந்து சொன்ன இங்கிலீஷ் என்று பார்த்தால் 'பிரசன்ட் சேர்' மட்டும்தான். கொப்பி நிறைய வசனங்கள் இருந்தன, ஆனால் ஒரு வெள்ளைக்காரர் ஓட்டோ ஸ்டாண்ட் எங்கே என்று கேட்டபோது கையைத்தான் நீட்டினேன். அந்தக் காசை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது, ஏனென்றால் அது மனிசன் லண்டனில் பனிக்குள் நின்று உழைத்து அனுப்பின காசு.

டச்பே வகுப்பு அதற்கு நேர் எதிர். பலகையே கிடையாது. பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் கதிரைகள், இரண்டு இரண்டாக முகம் பார்த்தபடி போட்டிருக்கும். மிஸ் வைத்திருக்கிற பெரிய சட்டம் ஒன்றே ஒன்று: உங்கள் மொழி தெரிந்தவருக்குப் பக்கத்தில் நீங்கள் உட்காரக் கூடாது. தமிழ் ஆளுக்கு முன்னால் சிங்களப் பிள்ளை, இல்லாவிட்டால் நிலாவெளிப் பக்கம் டைவிங் சீசனுக்கு வந்து தங்கியிருக்கிற வெளிநாட்டுக்காரர், இல்லாவிட்டால் வேலைக்காக இங்கே வந்து குடியிருக்கிற குடும்பத்துப் பெண். முஸ்லிம் ஆட்கள் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிறார்கள், அவர்களும் எங்களோடு தமிழ்தான் என்பதால் எங்களை ஒன்றாக இருக்கவே விடமாட்டார். முதல் நாள் இந்தச் சட்டம் எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரிந்தது, அரை மணித்தியாலத்தில் ஓடிப்போகலாமோ என்றும் இருந்தது. ஆனால் முழு வகுப்பும் நிற்பது அந்தச் சட்டத்தில்தான்.

எனக்கு வாய்த்த சோடி, சீனக்குடாப் பக்கம் வேலைக்கு வந்த ஒரு இந்தியரின் மனைவி. பீகார்க்காரி, என்னைவிட ஏழெட்டு வயது இளையவள், வீட்டில் ஹிந்தி, இங்கிலீஷ் என் அளவுதான், தமிழ் ஒரு சொல் தெரியாது. ஊருக்கு வந்து நாலு மாதமாகியும் தனியாக மார்க்கெட்டுக்குப் போனதே இல்லை என்று கையாலும் அரைகுறை இங்கிலீஷாலும் சொன்னாள். அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. கொஞ்ச நாளில் லண்டனில் ஒரு பிளாட்டுக்குள் நான் இருக்கப் போகிற இருப்பு அது. எனக்கு முன்னால் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தது.

மிஸ் அன்றைக்குக் கொடுத்த தலைப்பு, நேற்று என்ன சமைத்தாய். நான் பாரை மீன் குழம்பு வைத்திருந்தேன். மீன் சொல்லிவிட்டேன், மிளகாய்த்தூள் சொல்லிவிட்டேன், தேங்காய்ப்பாலும் சரி. பழப்புளியில் வந்து நின்றுவிட்டேன். இங்கிலீஷில் என்னவென்று தெரியாது. மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன், அவர் பிளேன்டீயை ஆற்றிக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். இது அவருடைய இன்னொரு பழக்கம், நீங்கள் தேடுகிற சொல்லை எடுத்துத் தரமாட்டார், தேட விடுவார். சரி என்று நானே தொடங்கினேன். பெரிய மரம். காய் இப்படி வளைந்திருக்கும். கோது பிறவுன், உள்ளேயும் பிறவுன். சவர். சின்னப் பிள்ளைகள் உப்போடு சாப்பிடுவார்கள். கண்ணை மூடி வாயைக் கோணி நான் காட்டினதும் அவள் கதிரையிலிருந்து எழும்பியே விட்டாள்: "இம்லி! இம்லி!" நான் "புளி" என்றேன், அவள் "புளி" என்றாள். இரண்டு பேருக்குமே இங்கிலீஷ் சொல் தெரியாது. அடுத்த சோடியில் இருந்த கிண்ணியா நானா, கட்டாரில் பல வருடம் சமையல் வேலை பார்த்தவர், அங்கே அதை 'தமர் ஹிந்தி' என்றுதான் சொல்வார்கள் என்றார். அப்போதுதான் மிஸ் வாயைத் திறந்தார். டாமரிண்ட். அரபியில் இந்தியப் பேரீச்சை என்று பொருள்படும் அந்தப் பெயர்தான் இங்கிலீஷில் டாமரிண்ட் ஆகியிருக்கிறது. நாற்பது பேர் ஹோலில் இந்தச் சொல்லைப் பலகையில் எழுதியிருந்தால் அடுத்த கிழமையே மறந்திருப்பேன். இனி எனக்கு மறக்கவே மறக்காது.

சொல் தெரியாத இடத்தில் நின்றுவிடாமல் சுற்றிப் போவது எப்படி, விளங்காவிட்டால் வெட்கப்படாமல் இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்பது எப்படி, முன்னால் இருப்பவர் திணறினால் அவருக்கு ஒரு கேள்வியைக் கொடுத்துக் கதையை நகர்த்துவது எப்படி, இந்த வகுப்பில் கிடைப்பது இந்த மூன்றும்தான். நன்றாக இங்கிலீஷ் கதைக்கிறவரோடு இருந்தால் இவை வராது, அவர் நாங்கள் முடிக்க முதலே விளங்கிக்கொண்டு மிச்சத்தையும் அவரே சொல்லிவிடுவார். எங்களைப்போலவே உடைந்த இங்கிலீஷோடு இருக்கிற, தமிழுக்குத் தப்பி ஓட வழி விடாத ஒருவர் வேண்டும்.

சோதனைக்குப் போன பிறகுதான் இதன் பெறுமதி இன்னும் விளங்கியது. பிரிட்டனுக்குக் கணவன் மனைவி விசாவில் முதல் தரம் போகிறவர்களுக்கு ஏ1 என்கிற ஆரம்ப மட்டத்தில் கதைப்பதும் கேட்டு விளங்குவதும் காட்டினால் போதும், அதற்கு ஐஈஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் என்று ஒரு சோதனை இருக்கிறது. எழுத்து இல்லை, வாசிப்பு இல்லை. புள்ளி கிடையாது, பாஸ் அல்லது பெயில். 16 முதல் 18 நிமிடம். முக்கியமான விஷயம், உள்ளே நீங்கள் தனியாகப் போவதில்லை: ஒரு பரிசோதகர், நீங்கள், உங்களைப்போல இன்னொரு பரீட்சார்த்தி, மூன்று பேர். அந்த இன்னொருவரோடு நீங்கள் கதைக்க வேண்டும், கேட்க வேண்டும், பதில் சொல்ல வேண்டும். குடும்பம், கடைக்குப் போவது, வீடு, உடம்பு சுகம், பயணம், காலநிலை, இப்படியான அன்றாட விஷயங்கள்தான் தலைப்பாக வரும்.

நான் இரவு ரயிலில் கொழும்புக்குப் போய்ச் சோதனைக்கு உட்கார்ந்தபோது எனக்குச் சோடியாக வந்தது குருநாகல் பக்கத்து ஒரு சிங்களத் தங்கச்சி. கை நடுங்கிக்கொண்டிருந்தது பிள்ளைக்கு. இடையில் ஒரு இடத்தில் அவள் அப்படியே நின்றுவிட்டாள். எட்டு மாதப் பழக்கம், என் வாய் தானாகவே "யூ கோ பை பஸ்?" என்று கேட்டுவிட்டது, அவள் "நோ, பை வேன்" என்று பிடித்துக்கொண்டு தொடர்ந்தாள். இலக்கணம் பிழையாக இருக்கலாம், ஆனால் கதை நிற்கவில்லை. எனக்கு பாஸ். அவளுக்கும் பாஸாகியிருக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

வகுப்பைப்போலவே முக்கியம் பௌர்ணமிப் போயா நாள் ஒன்றுகூடல். மாதத்துக்கு ஒரு தரம், வெயில் தாழ்ந்த பிறகு, எல்லோரும் ஆளுக்கொரு சாப்பாடு கட்டிக்கொண்டு டச்பே மணலில் பாய் விரித்து உட்காருவோம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம். நான் மோதகம் கொண்டுபோன அன்றைக்கு பீகார்த் தங்கச்சி லிட்டி என்று ஒரு சாமான் கொண்டுவந்தாள், கோதுமை மா உருண்டைக்குள் வறுத்த கடலை மா வைத்துச் சுடுவது, என் மகள் நாலு சாப்பிட்டாள். மான்கள் வந்து பைக்குள் மூக்கை விடும், எங்களுக்குப் பழகின காட்சி, வெளிநாட்டுக்காரர்கள் கடற்கரையில் புள்ளிமானா என்று திகைத்துப்போய்க் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லியே பாதி இங்கிலீஷ் வந்துவிடுகிறது.

ஒரு தரம் எல்லோருமாக வேனில் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனோம். ஏழு கிணறு, ஏழுக்கும் சூடு வேறு வேறு. இராவணன் தாயாரின் கிரியைக்காக நிலத்தில் குத்தின இடங்களில் நீர் வந்தது என்கிற கதையை, ஊர்க்காரர்கள் நாங்கள் ஆளுக்கு ஒரு துண்டாகப் பிரித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது மிஸ்ஸின் ஏற்பாடு. எனக்கு வந்தது கிரியைப் பகுதி. அந்தியேட்டி, எட்டுச்செலவு எல்லாம் நான் எப்படி இங்கிலீஷில் சொல்வது? ஆனால் சொன்னேன். அம்மா போய்விட்டால் எங்களில் மகன் இதைச் செய்ய வேண்டும் என்று சொன்னபோது, வயதான ஒரு டச்சுக்காரர் தன் அம்மாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். கிணற்றுக் கட்டோடு நின்று கிட்டத்தட்ட அரை மணி நேரம் கதைத்தோம். முன்பின் தெரியாத ஒருவரோடு நான் இங்கிலீஷில் அவ்வளவு நேரம் கதைத்தது அதுதான் முதல் தரம்.

இனிக் குறைகள். ஒக்டோபர் முடிந்து மழை தொடங்கினால் வெளிநாட்டுக்காரர்கள் கலைந்துவிடுவார்கள், ஜனவரி வரைக்கும் சோடி போடுவதற்கே ஆள் காணாது, விறாந்தையில் சாரல் அடித்துக் கதிரையெல்லாம் உள்ளே இழுக்க வேண்டிவரும், அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேளாது. மூதூரிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸுக்காகப் பின்னேரம் ஐந்தரைக்கே வகுப்பிலிருந்து எழும்பிப் போகிறார்கள், வகுப்பை மூன்று மணிக்குத் தொடங்கினால் என்ன என்று பல தரம் கேட்டும் மிஸ் வெயிலைக் காரணம் சொல்கிறார், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த ஆண்கள் சில பேர் பொதுவாகக் கதைக்கிற நேரத்தை முழுதாகப் பிடித்துக்கொள்கிறார்கள், மிஸ் போனில் அலாரம் வைத்தும் நிற்பதில்லை. சேர்டிபிகேட் தரமாட்டார்கள். எழுத்து, வாசிப்பு அறவே கிடையாது, ஆகவே அகடெமிக் ஐஈஎல்டிஎஸ் எடுத்துப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு இது போதாது, அவர்கள் அதற்கென்று தனியாகப் படிக்க வேண்டும்.

காசு ஒரு நாளைக்கு 200 ரூபாய், தேத்தண்ணிக்கும் லைட்டுக்கும். இல்லாதவர்களிடம் மிஸ் கேட்பதில்லை.

போன மாதம் ஸ்காபரோவிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு அக்கா வகுப்பைப் பார்க்க வந்தார். கனடாவில் நிரந்தர வதிவிடம் கிடைத்தவர்களுக்கு லிங்க் என்று அரசாங்கச் செலவில் இங்கிலீஷ் வகுப்பு 1992 முதல் இருக்கிறதாம், அது தவிர நூல்நிலையங்களில் வட்டமாக உட்கார்ந்து கதைக்கிற குழுக்களும் இருக்கின்றனவாம். முதல் இரண்டு வருடம் வெட்கத்தில் எதற்கும் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருந்ததாகச் சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது. லண்டனிலும் ஈசோல் என்ற பெயரில் வகுப்புகள் இருக்கின்றன என்று மச்சாள் சொல்கிறா, போய் இறங்கின முதல் மாதமே சேரத்தான் போகிறேன், ஏனென்றால் விசா நீட்டிக்க ஏ2, பிறகு நிரந்தரமாக இருக்க பி1, அதோடு 24 கேள்வியில் 18 சரியாக வரவேண்டிய இன்னொரு சோதனை என்று வழி நீளமாக இருக்கிறது. இங்கே தொடங்கிவிட்டுப் போனால் அங்கே கதவைத் திறக்க முதல் நாளே கை வரும்.

எனக்கு விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் பயணம். பீகார்த் தங்கச்சி இப்போது தனியாக மார்க்கெட்டுக்குப் போகிறாள், போன கிழமை மீன்காரரிடம் "விலை குறைச்சுத் தாங்க அண்ணா" என்று அவள் தமிழில் கேட்டதை என் காதால் கேட்டேன். அவளுக்கு இன்னும் ஒரு வருடம் இங்கேதான். அவள் முன்னால் இருக்கிற கதிரை அடுத்த மாதத்திலிருந்து காலி, கதைக்க ஆள் வேண்டும். லண்டனுக்கோ கனடாவுக்கோ காத்துக்கொண்டிருக்கிற யாராவது இருந்தால் என்னிடம் கேளுங்கள், வழி சொல்கிறேன். போகும்போது மோதகம் கொண்டு போங்கள், அவளுக்கு விருப்பம்.